கண் பார்த்தது, கை பச்சையை அழுத்தியது

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் என் மூளை ஒரு டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் இருக்கிறது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள், வெளிநாடு போய் வந்த முதலாளிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தருடைய மூளையையாவது யாராவது கேட்டு வாங்கிப் பதிவு செய்திருக்கிறார்களா? என்னுடையதைச் செய்தார்கள். கோடு கோடாக வந்தது. அந்தத் தாள் இன்றைக்கும் என் பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதை எழுதச் சொன்னது என் பழைய கம்பெனி ஆட்கள். போன மாதம் அங்கே டைல்ஸில் குறை பார்க்க ஒரு கேமரா மிஷின் வந்து இறங்கியது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். டீ குடிக்கும்போது ஒருவன் கேட்டான்: "மாமா, ஒங்க தலையில ஒயரு மாட்டி ஷாக்கு வச்சாங்களாமே, நெசமா?"

ஷாக்கெல்லாம் இல்லை. ஆனால் அந்த மூன்று வாரம் நான் பட்ட பயத்துக்கு ஷாக்கே தேவலாம். ஆளாளுக்கு ஒரு கதை கட்டுவதற்கு முன்னால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நான் சேர்ந்தது மண் கலக்கிற இடத்தில். பிறகு சூளை வண்டி தள்ளினேன். அதையெல்லாம் நீட்டினால் உங்களுக்குத் தூக்கம் வரும். ஒருநாள் சார்ட்டிங் மேசையில், அதாவது வெந்து வந்த டைல்ஸில் நல்லது கெட்டது பிரிக்கிற மேசையில், ஒரு ஆள் வரவில்லை. "நீ போயி ஒக்காருய்யா" என்றார்கள். சாயங்காலத்துக்குள், அந்த மேசையில் வருஷக்கணக்காக இருந்தவர்கள் கண்ணுக்குத் தப்பிய குறைகளைத் தனியாக அடுக்கி வைத்தேன். அதோடு சரி. என்னை அந்த நாற்காலியிலிருந்து யாரும் எழுப்பவில்லை. 'ஸ்கேனு' என்று பேர் வைத்தார்கள். நான் தடுக்கவில்லை.

என் வேலைமுறை என்னுடையது, யாரும் சொல்லித் தரவில்லை. படம் போட்ட டைல்ஸை யார் கையில் கொடுத்தாலும் முதலில் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் நன்றாக இருந்துவிட்டால் மற்றதெல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். நான் கீழே இடது மூலையில் ஆரம்பிப்பேன். கால், புடவைக் கரை, கை, சூலம், கழுத்து, கடைசியில்தான் முகம். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே டைல்ஸை ஒரு சாய்ப்புச் சாய்ப்பேன். பளபளப்பில் ஊசிமுனைப் பொத்தல் இருந்தாலும் அந்தச் சாய்ப்பில் காட்டிக் கொடுத்துவிடும். நான் பார்த்து முடித்த பெட்டிமேல் வட்டத்துக்குள் நாலு என்று முத்திரை விழும். வியாபாரிகள் "நாலாம் நம்பர் பெட்டி இருக்குதா?" என்று கேட்டு வாங்கிய காலம் உண்டு.

எங்களுக்குச் சோறு போட்டது சாமி டைல்ஸ். காம்பவுண்டு சுவரோரம் ஒதுங்குகிறவர்களை எந்த போர்டும் நிறுத்தாது. ஒரு பிள்ளையார் டைல்ஸ் நிறுத்தும். பிள்ளையாரும் சிலுவையும் மசூதியும் ஒரே டைல்ஸில் வருவதும் உண்டு. கோயில் மதிலுக்கு அம்மன் படம் தனியாகப் போகும். படம் ஒரு மெல்லிய தாளில் நாலு கலரில் அச்சாகி வரும். தண்ணீரில் ஊறவைத்து, டைல்ஸ்மேல் நழுவவிட்டு, ரப்பர் தகட்டால் தண்ணீரை வழித்துவிட்டு, காயவைத்துச் சூளைக்கு அனுப்புவோம். வெந்துவிட்டால் படம் டைல்ஸோடு ஒன்றாகிவிடும், பிறகு அழிக்க முடியாது. நாலு கலரில் கறுப்பு மட்டும் ஒரு மயிரிழை நகர்ந்து அச்சாகியிருந்தால் போதும், சாமியின் கண்மணி ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்று நிற்கும்.

இனி ராஜசேகரன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவாலிட்டி மேனேஜர். ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. நல்ல மனநிலையில் இருந்தால் "யோவ் கலியபெருமாளு" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "வாங்க கலியபெருமாள், ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அந்தக் கடிகாரம் மேசையில் 'டக்' என்று விழுகிற சத்தத்துக்கு நான் சூளை வெடிக்கிற சத்தத்தைவிட அதிகம் பயந்திருக்கிறேன்.

அவர் கொண்டுவந்த விதி ஒன்று. கழித்த டைல்ஸ் வெளியே போய் எங்கள் பேரில் மலிவாக விற்கப்படக் கூடாது. அதனால் அன்றைக்குக் கழித்ததை அன்றைக்கே உடைக்க வேண்டும். யார் கழித்தார்களோ அவர்கள் கையாலேயே. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம், ஒரு சுத்தியல். பூ டைல்ஸை உடைப்பது ஒரு விளையாட்டு. சாமி டைல்ஸ் வந்தால் மற்றவர்கள் கை நடுங்கும். நான் நடுங்கவில்லை. "கலியபெருமாளுக்கு நெஞ்சு கல்லுடா" என்றார்கள். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு பங்குனி மாதம் ஒரே ஒரு அம்மன் டைல்ஸைக் கழித்து உடைத்தேன். ஒரே அடி. விரிசல் சரியாக இடது கண் வழியாக ஓடியது. நாலாம் நாள் என் பேத்திக்கு அம்மை போட்டது. உடம்பெல்லாம் முத்து. இடது இமைமேல் ஒன்று, பெரியது. வாசலில் வேப்பிலை செருகினோம். பத்து நாள் அந்தக் குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, புருவத்தில் ஒரு பள்ளம் மட்டும் நின்றது. டாக்டர், அந்த வருஷம் தெருவுக்கு நாலு பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது என்றார். எனக்கும் தெரியும். இருந்தாலும் உடைத்தது யார் கை?

அதற்குப் பிறகு என்னால் அம்மன் டைல்ஸைக் கழிக்க முடியவில்லை. கழித்தால் உடைக்க வேண்டும். சின்னக் குறையென்றால் போகட்டும் என்று பெட்டியில் வைத்தேன். முதலில் சின்னக் குறை. பிறகு கொஞ்சம் பெரியது. யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட.

ரிட்டயர் ஆக ஒன்றரை வருஷம் இருக்கும்போது அது வந்து நின்றது. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். துண்டில் சுற்றிய ஒரு டைல்ஸை மேனேஜர் மேசைமேல் வைத்துப் பிரித்தார்கள்.

"சார், எங்க ஆத்தா ரெண்டு கண்மணியோட பாக்குது. பதிக்கறதுக்கு மதிலோரம் அடுக்கி வச்சிருக்கோம், பொம்பளைங்க அந்தப் பக்கம் போவவே பயப்படறாங்க. கும்பாபிஷேகத்துக்குப் பாஞ்சி நாளுதான் இருக்குது."

மீதியும் வாசலில் வண்டியில் வந்திருந்தது. மொத்தம் மூன்று பெட்டி, முப்பத்தாறு டைல்ஸ். அத்தனையிலும் கறுப்பு நகர்ந்திருந்தது. பெட்டிமேல் வட்டத்துக்குள் நாலு. வேறு டைல்ஸ் செய்து தருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு, சார் என்னைப் பார்த்தார்.

"வாங்க கலியபெருமாள். ஒக்காருங்க." கடிகாரம் மேசைக்கு வந்தது. "இது ஒங்களுக்குத் தெரியலையா?"

நான் கடிகாரத்தையே பார்த்தேன்.

"வயசாவுது. கண்ணு மங்கறது தப்பில்ல. சொல்லிட்டா ஸ்டோர்ல ஒரு எடம் போட்டுத் தரேன். அடுத்த வாரம் காலேஜ்லேர்ந்து ஒரு பொண்ணு வருது, கண்ணையும் மூளையையும் அளந்து பாக்கற ஆராய்ச்சி. நீங்களும் ஒக்காருங்க. ஒங்களுக்கும் தெரிஞ்சிடும், எனக்கும் தெரிஞ்சிடும்."

வெளியே வந்ததும்தான் உறைத்தது. கண் கெட்டிருக்கிறது என்று வந்தால் நாற்காலி போகும், 'ஸ்கேனு' என்கிற பேர் போகும். கண் நன்றாக இருக்கிறது என்று வந்தால் அதைவிட மோசம்: குறையைப் பார்த்துவிட்டுத் தெரிந்தே அனுப்பியவன் என்று ஆகும். குருடன், இல்லையென்றால் திருடன். நடுவில் மூன்றாவது இல்லை. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பட்டம்மா, என் மனைவி, "என்னாய்யா, சூளையில எதனா மறந்துட்டு வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வந்த பெண்ணின் பேர் பர்வீன். மங்கலம்பேட்டைப் பெண், அத்தா துபாயில். படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று மூளைக்கும் கண்ணுக்கும் எப்படித் தெரிகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. எங்கள் மாதிரி பழகிய கண்களையும் பழகாத கண்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வந்திருந்தாள்.

"ஏம்மா, படம் நல்லாயிருக்குதான்னு எங்கள வாயால கேட்டாலே சொல்லிடுவமே? இத்தினி ஒயரு எதுக்கு?" என்றேன்.

"வாயி ஒண்ணு சொல்லும்ங்கய்யா, மூளை வேற ஒண்ணு சொல்லும். சில பேரு மரியாதைக்கு நல்லாயிருக்குன்னுடுவாங்க. அதான் நேரா மூளைக்கிட்டயே கேட்டுடறோம்."

பக்கத்து மேசை அஞ்சலை என் காதருகே வந்தாள். "அண்ணே, மூளைய நேரா கேக்குதாமே. என் மாமியாரப் பத்தி நான் நெனைக்கறதெல்லாம் வெளிய வந்துடுமா?"

"வந்தா ஒன்ன மட்டும் தனியா அனுப்ப மாட்டாங்க. பாதி விருத்தாசலம் கூட வரும்" என்றேன். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பர்வீன் ஒரு தாளைப் படித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினாள். அதில் ஒரு வரி: என் முடிவு என் அனுமதி இல்லாமல் யாருக்கும் போகாது. "மேனேஜருக்குக்கூடவா?" என்று கேட்டேன். "அவருக்கும்தான்யா. அவருக்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் உள்ளே போனேன்.

முதல்நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன். எண்ணெய்த் தலையில் ஒயர் பிடிக்காது என்று திருப்பி அனுப்பினாள். மறுநாள் ஷாம்பு போட்டுக்கொண்டு போனேன். நெற்றியில் இருந்த விபூதியைத் துடைக்கச் சொன்னாள், அங்கேயும் ஒரு ஒயர் வருமாம். வேறு நாளாக இருந்தால் துடைத்திருப்பேன், கவலைப்பட்டிருக்க மாட்டேன். அன்றைக்குத் தயங்கித் தயங்கித்தான் துடைத்தேன். பொத்தல் பொத்தலாக ஒரு துணித் தொப்பியை மாட்டி, ஒவ்வொரு பொத்தலிலும் ஊசி இல்லாத சிரிஞ்சால் குளிர்ச்சியாக ஏதோ பசையை வைத்தாள். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னாள். எதிரே ஒரு திரை, அதற்குக் கீழே நீளமாக ஒரு கறுப்புப் பட்டை. என் கண்மணி போகிற இடமெல்லாம் அது பின்னாலேயே போகுமாம். திரையில் ஒரு புள்ளி ஒன்பது இடத்துக்கு ஓடியது, நான் கண்ணால் துரத்தினேன். டியூப்லைட்டை அணைத்தார்கள். கோட்டில் இரைச்சல் வருகிறது என்று பக்கத்து மோட்டாரையும் நிறுத்தினார்கள். எனக்காக மோட்டார் நின்றது அந்தக் கம்பெனியில் அது ஒரு தரம்தான்.

டைல்ஸ்களைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு படமாக வரும். நடுவில் வெறும் சாம்பல் நிறம். நல்ல படம் என்றால் பச்சைப் பித்தான், குறையென்றால் சிவப்பு. முதலில் எனக்கு ஓடவே இல்லை. கையில் டைல்ஸ் இல்லை, சாய்க்க முடியவில்லை. பழக்க தோஷத்தில் தலையைச் சாய்த்தேன்.

"ஐயா, தலைய ஆட்டாதீங்க. கண்ணு தொலைஞ்சு போயிடுது."

"எங்கம்மா தொலையும்? இங்கதான இருக்குது" என்றேன்.

பிறகு பிடி கிடைத்தது. பூ வந்தது, மசூதி வந்தது, பிள்ளையார் வந்தார். கலங்கல், கறை, கலர் நகர்ந்தது, எதையும் விடவில்லை. சிவப்பு, சிவப்பு, பச்சை, சிவப்பு. பயம்கூடக் கொஞ்சம் விட்டது. அப்போது அம்மன் வந்தாள். இரட்டைக் கண்மணி. திருப்பி வந்த அந்த டைல்ஸேதான். சார் அதையும் கொடுத்து வைத்திருக்கிறார்.

இங்கே உடைக்க ஒன்றும் இல்லை. சுத்தியலும் இல்லை, பள்ளமும் இல்லை, வெறும் திரை. சிவப்பை அழுத்தினால் அந்தப் படம் போய் அடுத்த படம் வரும், அவ்வளவுதான். எனக்குத் தெரியும். என் கை பச்சையை அழுத்தியது. இன்னொரு அம்மன், அதுவும் குறையோடு. பச்சை. மூன்றாவது தடவை விரலைச் சிவப்பின்மேல் வைத்தேகூடப் பார்த்தேன். போய்ப் பச்சையில்தான் விழுந்தது. தொப்பிக்கு உள்ளே வியர்த்துக் கொட்டியது.

முடிவு சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். வந்த அன்றைக்கு என்னைத் தனியாக உட்காரவைத்து லேப்டாப்பைத் திருப்பினாள்.

"ஐயா, மொதல்ல நல்ல சேதி. ஒங்க கண்ணு மாதிரி நான் பாத்ததில்ல. எல்லாரும் மூஞ்சில போயி விழறாங்க. நீங்க எறும்பு மாதிரி மூலையிலேர்ந்து ஏறறீங்க."

படத்தின்மேல் சின்னச் சின்ன வட்டங்கள் கீழிருந்து மேலே போயிருந்தன. என் கண் நடந்த வழி. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இப்ப இதப் பாருங்க." அம்மன் படம். வட்டங்கள் காலில் ஆரம்பித்து ஏறின. கண்மணியில் ஒரே ஒரு சின்ன வட்டம். அங்கிருந்து ஒரே தாவல், ஓரத்தில் இருக்கிற பூக்கொடிக்கு. பிறகு கொடியையே சுற்றிச் சுற்றி வந்திருந்தது. "கண்ணப் பாத்ததும் ஓடிடுதுங்கய்யா. திரும்பி வரவேயில்ல. கொடியில ஒரு கொறையும் கெடயாது. ஆனா அங்கதான் அவ்ளோ நேரம் இருக்கீங்க."

பிறகு மூளைக் கோட்டைக் காட்டினாள். சாதாரணப் படத்துக்கு லேசாக அலைந்தது. குறையுள்ள படத்துக்கு, கண் சிமிட்டுவதற்குள், மேடு மாதிரி ஒரு துள்ளல். அம்மன் படத்துக்குத்தான் எல்லாவற்றையும்விட உயரமான மேடு.

"மூளை பாத்திருக்குது. வேற எந்தக் கொறைக்கும் இவ்ளோ பெருசா துள்ளல. ஆனா பச்சைய அழுத்தியிருக்கீங்க. எல்லா அம்மன் படத்துக்கும். ஏன்யா?"

நான் லேப்டாப்பை அவள் பக்கமே திருப்பி வைத்தேன். அவளும் தோண்டவில்லை. தாளை என் கையில் கொடுத்தாள். "குடுக்கறதும் குடுக்காததும் ஒங்க விருப்பம். குடுக்கலேன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். கொடுக்காவிட்டால் கண் மங்கிவிட்டது என்று முடிவு செய்வார்கள். வயசான ஆளை யாரும் திட்டமாட்டார்கள். ஸ்டோரில் நாற்காலி, மேலே ஃபேன். கொடுத்தால் தெரிந்தே அனுப்பியவன். புத்தியுள்ளவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு நாள் தாள் பையிலேயே இருந்தது, வியர்வையில் மை ஊறியது.

மூன்றாம் நாள் காலை கேட்டுக்குள் நுழையும்போது லோடு ஏற்றுகிற ஒருவன் இன்னொருவனிடம் சொன்னான்: "பாத்து வழி வுடுடா, ஸ்கேனுக்கு இப்பக் கண்ணு தெரியாதாம்."

நேராக மேனேஜர் ரூமுக்குப் போனேன். உண்மை பேச வேண்டும் என்கிற பெரிய எண்ணமெல்லாம் இல்லை, பொய் எழுத மாட்டேன். என் கண்ணை எவனும் அப்படிச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். தாளை மேசைமேல் வைத்தேன்.

"என் கண்ணுல ஒரு கொறையும் இல்ல சார். அந்த முப்பத்தாறையும் நல்லாப் பாத்தேன். பாத்துட்டுத்தான் அனுப்பினேன்."

சார் தாளைப் படித்து என் பக்கமே திருப்பி வைத்தார். கடிகாரத்தைக் கழற்றினார். "ஏங்க?"

பேத்திக்கு அம்மை போட்டதிலிருந்து சொன்னேன். அவர் எழுந்து, திருப்பி வந்த டைல்ஸில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் நடந்தார். நானும் போனேன். பள்ளத்தின் ஓரத்தில் அம்மனை முகம் மேலே இருக்கிறபடி வைத்து, சுத்தியலை என்னிடம் நீட்டினார்.

"ஒடைங்க."

"முடியாது சார். டிஸ்மிஸ் பண்ணிடுங்க."

"இதுல என்னாங்க இருக்குது? மண்ணும் மையும்." சுத்தியலை அவரே ஓங்கினார். ஓங்கிய கை அங்கேயே நின்றது. அம்மன் இரண்டு கண்மணியோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டைல்ஸைக் குப்புறத் திருப்பிப் போட்டு மறுபடி ஓங்கினார். அப்போதும் நின்றது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விதி போட்டு எத்தினி வருஷம் ஆவுது," என்றார். "நான் ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்ததே இல்லய்யா."

'ய்யா' என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"சார், சூளைக்குப் போறதுக்கு மின்னாடியே பாத்துட்டா? படத்த ஒட்டின ஈரத்தோட. அப்ப அது வெறும் மைதான். ஈரத்துணியால தொடச்சா போயிடும். ஒடைக்க வேணாம்."

மறுவாரம் ஈரப்படம் பார்க்க ஒரு மேசை போட்டார்கள். எஸ்டேட்டில் அப்படி ஒரு மேசை வேறெங்கும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை; யோசனை என்னுடையது. ஆனால் என் பழைய நாற்காலியைத் திருப்பித் தரவில்லை. "அது வேணாம்யா. ஒன் கண்ண நம்பறேன், கைய நம்ப மாட்டேன்" என்றார். வட்டத்துக்குள் நாலு முத்திரையை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். ரிட்டயர் ஆகிறவரைக்கும் ஈர மேசையில் நின்றேன். முத்திரை இல்லாமல், பேர் இல்லாமல். அங்கே எத்தனையோ அம்மன் முகத்தைத் துணியால் துடைத்திருக்கிறேன். கை நடுங்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த முப்பத்தாறையும், "எங்கனா எடுத்துக்கினு போயிடு, என் கண்ணுல படக் கூடாது" என்றார் சார். எங்கே போடுவது? தெருவில் போட முடியுமா, ஆற்றில் விட முடியுமா? என் வீட்டுக் காம்பவுண்டு சுவரில், கேட்டுக்கு இரண்டு பக்கமும் வரிசையாகப் பதித்துவிட்டேன். பட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒலகத்துல யாருக்கும் வேணாம்னு திருப்பி அனுப்பினத வூட்டு வாசல்லயா?" என்றாள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கற்பூரம் காட்டுவது அவள்தான்.

தெருவில் போகிறவர்கள் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. முகத்தைப் பார்க்கிறார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், போகிறார்கள். எனக்குத்தான் முடியவில்லை. காலையில் பால் வாங்கக் கேட்டைத் திறக்கும்போது, பழக்கம் விடாது, இடது மூலையிலிருந்து ஆரம்பிப்பேன். கால், புடவைக் கரை, சூலம், கழுத்து. கண்ணுக்கு வந்ததும் தலைக்குள் அந்த மேடு துள்ளுவது எனக்கே தெரிகிறது, ஒயர் வேண்டியதில்லை. உடனே என் பார்வை ஓரத்துக்கு ஓடிவிடும். பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பூக்கொடியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முப்பத்தாறு டைல்ஸிலும் அந்தக் கொடியில் ஒரு குறை கிடையாது. அதற்கு நான் கேரண்டி.